பதினேழாம் நம்பர் ஜன்னல், லிஸ்டில் கடைசி

எனக்கு முதலில் அநியாயம் செய்தவன் வெயிலுகந்தான். என் மனைவி செல்லக்கனியின் கூடப்பிறந்த அண்ணன், மில் லைன் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர், எனக்கு அடுத்த பதினெட்டாம் நம்பர் வீட்டுக்காரன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு அவனும் நல்ல மனுஷன்தான் என்று சொல்ல எங்கள் தெருவில் ஆட்கள் இருக்கிறார்கள்.

செல்லக்கனிக்கு வாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துபோய், திருநெல்வேலியில் பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, வாடகை வேனில் படுக்க வைத்துக் கோவில்பட்டிக்குக் கூட்டி வந்து, இனி இவளுக்கு உலகம் என்றால் இந்த ஜன்னல்தான் என்று நினைத்து, கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, கொக்கியை நீக்கிக் கதவைத் திறந்தேன். ஒரு சாண் தூரத்தில் செங்கல் சுவர் நின்றது. என் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் ஆறடிச் சந்து இருந்தது, அந்தச் சந்து வழியாகத் தலையைச் சாய்த்துப் பார்த்தால் தெருக்குழாய் தெரியும், சூசையின் டீக்கடை தெரியும், பஸ் வந்து திரும்புவதும் தெரியும். அந்தச் சந்தை அடைத்து, நாங்கள் ஊரில் இல்லாத பத்தொன்பது நாளில், ஒரு வார்த்தை கேட்காமல் அறை கட்டிவிட்டான். தன் மகள் அன்னலட்சுமி புருஷன் வீட்டிலிருந்து கைக்குழந்தையோடு திரும்பி வந்துவிட்டாள் என்பதற்காகக் கட்டினான். கேட்டிருந்தால் அந்த விஷயத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கும், அதனால் கேட்கவில்லை. அது எனக்கும் விளங்கியது. விளங்கினால் போதுமா? கேட்காமல் கட்டியது கேட்காமல் கட்டியதுதான்.

செல்லக்கனி சுவரைப் பார்த்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததால் அவள் பேச்சு எனக்கு மட்டும்தான் அப்போது புரியும். "எங்க அண்ணன் பூச்சு வேலையை அரைகுறையா விட்டிருக்கான்" என்றாள். அன்றிலிருந்து நான் வெயிலுகந்தானோடு பேசுவதில்லை.

ஆஸ்பத்திரிக் காகிதங்களை ஜெராக்ஸ் எடுக்கப் போன இடத்தில்தான் ரெஜினாவின் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். ரெஜினா தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள், நாற்பத்தைந்து வயது, கல்யாணம் வேண்டாம் என்று சொல்லி அதை இன்றுவரை காப்பாற்றிக்கொண்டவள். வாடிக்கை இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டரில் விளையாடுவாள். திரையில் ஒரு ஆள் பனிமலையில் குதிரை ஓட்டிக்கொண்டிருந்தான்.

"இந்த ஊர் எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"எங்கயும் இல்ல அண்ணாச்சி. ஆட்டத்தைச் செஞ்ச கம்பெனி குடுத்த ஊர். இதுக்கு மேல நாம எழுதி வைக்கலாம். பனி வேண்டாம்னா ஒரு ஃபைல் போட்டா வெயில் அடிக்கும். குதிரை வேண்டாம்னா இன்னொரு ஃபைல், எருமையில போகலாம்."

"நம்ம லைனைப் போட முடியுமா?"

அவள் குதிரையை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். செல்லக்கனியின் நிலைமை அவளுக்குத் தெரியும். "அளந்து குடுங்க" என்றாள்.

நான் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தேன், ஆனால் டேப் பிடிக்கத் தெரியும். நாற்பத்தெட்டு வீடு, ஒரு குழாய், ஒரு மாதா கெபி, ஒரு மாடன் பீடம், சாக்கடை மூடி இருபத்திரண்டு. பதினோரு நாள் அளந்தேன். அளவில் பொய் சொல்ல எனக்கு வராது, ஆகவே வெயிலுகந்தான் கட்டிய அறையையும் அளந்து கொடுத்தேன். அதையெல்லாம் சேர்த்து ரெஜினா ஒரு பெரிய ஃபைல் செய்தாள், அதற்குத் தாய் ஃபைல் என்று பேர் வைத்துக்கொண்டோம். பிறகு எனக்காகத் தனியே ஒரு சின்ன ஃபைல் செய்தாள், அதில் தெருவெல்லாம் கிடையாது, ஒரே ஒரு சங்கதிதான்: பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் அறை இல்லை, சந்து திறந்திருக்கிறது.

"சின்னது பெருசை எப்படி மாத்தும்?" என்று கேட்டேன்.

அவள் திரையில் ஒரு பட்டியலைக் காட்டினாள். "கம்ப்யூட்டர் மேலயிருந்து கீழ படிச்சிட்டு வரும். தாய் ஃபைல் முதல்ல. அதுல அறை இருக்கும், சரின்னு வச்சிக்கும். அடுத்து உங்க ஃபைல். அதுல அறை இல்லைன்னு இருக்கும், அப்ப அதை வச்சிக்கும். ஒரே இடத்தைப் பத்தி ரெண்டு பேர் பேசினா, கடைசியாப் பேசினவன் சொன்னதுதான்."

நான் முப்பத்திரண்டு வருஷம் நூல் மில்லில் டிராயிங் பகுதியில் வேலை பார்த்தவன். புளோரூமில் பஞ்சை உதறாமல் கார்டிங்குக்கு அனுப்ப முடியாது, கார்டிங்கில் சீவி முடியாமல் திரி இழுக்கிற டிராயிங்குக்கு வராது, வரிசை தப்பினால் நூலும் இல்லை சம்பளமும் இல்லை. அதனால் எனக்கு அது உடனே பிடிபட்டுவிட்டது. பிடிபடாதவர்களுக்கு இப்போதெல்லாம் நான் பஸ் ஸ்டாண்டுச் சுவரைக் காட்டுவேன். கண்ணீர் அஞ்சலிக்கு மேல் சினிமா, சினிமாவுக்கு மேல் காதணி விழா, கடைசியாக ஒட்டியவன் முகம்தான் வெளியே தெரியும். அடியில் இருப்பவன் அழிந்துபோகவில்லை, அடியில் இருக்கிறான், அவ்வளவுதான்.

ரெஜினா தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்தாள். அதைச் செல்லக்கனியின் வயிற்றில் தலையணை வைத்து நிறுத்திக் காட்டினேன். திரையில் எங்கள் ஜன்னல் வழியாகச் சந்து, சந்து வழியாகக் குழாய், டீக்கடை. ரொம்ப நேரம் பார்த்தாள். "நல்லா இருக்கு. ஆள்தான் இல்ல" என்றாள்.

மறுநாள் காலையில் வெயிலுகந்தானின் அறை இல்லை.

ஆடி மாதம் கடைசி வெள்ளி அது. நான் ஜன்னலைத் திறக்கவில்லை, சுவரைப் பார்க்கப் பிடிக்காமல் அதை எப்போதும் சாத்தியே வைத்திருந்தேன். கதவிடுக்கில் வெளிச்சம் வந்து செல்லக்கனியின் கழுத்தில் விழுந்ததைப் பார்த்துத்தான் திறந்தேன். சந்து இருந்தது. சந்தின் நடுவில் பாயில் அன்னலட்சுமி குழந்தையை அணைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள், அவள் தலைக்கு மேல் ஆணி அடித்த சுவர் இல்லாமலே ஒரு நாள்காட்டி வெறும் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. வெயிலுகந்தான் வாயில் வேப்பங்குச்சியோடு வெளியே வந்து, பார்த்து, துப்பிவிட்டு, "செங்கல்லு எங்க?" என்று கேட்டான். யாரிடம் கேட்டான் என்று தெரியவில்லை. செல்லக்கனி அன்றைக்குக் குழாயடியில் நடந்த சண்டை ஒன்றை முழுசாகப் பார்த்தாள்.

தெரு இதை ஏற்றுக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். ஏன் நடந்தது, எப்படி நடந்தது என்று கேட்டவர்கள் எல்லோரும் வெளியூர்க்காரர்கள். நகராட்சியிலிருந்து வந்தவர் பார்த்துவிட்டு, அனுமதி வாங்காமல் கட்டிய அறைதானே, இல்லையென்றால் நல்லதுதான் என்று சொல்லிப் போய்விட்டார். எங்கள் ஆட்கள் கேட்டது வேறு கேள்வி. டீக்கடை சூசைதான் முதலில் கேட்டார்: "முப்பிடாதி அண்ணே, ரெஜினா எனக்கும் ஒரு ஃபைல் போடுமா?"

போட்டாள். சூசைக்குக் கடை வாசலில் ஒரு தகரப் பந்தல் வந்தது. இருபத்து மூன்றாம் வீட்டு ராமுத்தாய்க்கு, எப்போதோ சாக்கடை வேலைக்காக வெட்டிய பிச்சிக்கொடி திரும்ப வந்து, சூசையின் பந்தல் காலில் சுற்றி ஏறிப் பூத்தது. அவள் பறித்துக் கட்டி விற்க ஆரம்பித்தாள், இவ்வளவு நாள் எங்கே போயிருந்தாய் என்று கொடியை யாரும் விசாரிக்கவில்லை. ஒருவர் மில் சங்கை மறுபடி ஊதச் சொன்னார், ஊதியது, மூன்று நாள் கேட்டுவிட்டு அவரே எடுத்துவிடச் சொன்னார். ஆட்களை மட்டும் செய்ய முடியாது என்று ரெஜினா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நாற்பதாம் வீட்டு இசக்கியம்மாள் செத்துப்போன தன் வீட்டுக்காரரைக் கேட்டு ஒரு வாரம் கடைவாசலில் உட்கார்ந்திருந்தாள், மனசு கேட்காமல் ரெஜினா அவருடைய ரப்பர் செருப்பை மட்டும் செய்து கொடுத்தாள், இடது செருப்பில் ஊக்கு குத்தியது வரைக்கும். இசக்கியம்மாளுக்கு அது போதுமாக இருந்தது. காலையில் செருப்பைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைப்பாள், சாயங்காலம் வீட்டைப் பார்த்துத் திருப்பி வைப்பாள்.

தினமும் காலை ஆறு மணிக்கு ரெஜினா கம்ப்யூட்டரில் லிஸ்டைச் சரிபார்த்து ஆட்டத்தைத் தொடங்குவாள். அன்றைக்குத் தெரு அதுபடி இருக்கும். லிஸ்டை அச்செடுத்து டீக்கடையில் ஒட்டுவார்கள். ஃபைல் பேரெல்லாம் இங்கிலீஷில் இருக்கும், எனக்கு வாசிக்க வராது, நீளத்தையும் சாயலையும் வைத்துத் தெரிந்துகொள்வேன். என்னுடையது குட்டையாக, ஒரு வால் எழுத்தோடு முடியும். கண்டம் விட்டுக் கண்டம் போனாலும் அதைக் கண்டுபிடித்துவிடுவேன்.

வெயிலுகந்தானும் ரெஜினாவிடம் வந்தான். அவன் அறையை அவனுக்குத் திருப்பித் தர ஒரு ஃபைல் வேண்டும். அவள் செய்து கொடுத்தாள், அதுதானே நியாயம். ஆனால் லிஸ்டில் எங்கே வைப்பது என்று அவள் கேட்டபோது நானும் அங்கே இருந்தேன்.

"இதென்ன கேள்வி? நான் சங்கச் செயலாளர். மாடன் கொடையில முதல் மாலை எனக்கு. மாதா தேர்ல முதல் வடம் நான் தொட்டுத்தான் நகரும். லிஸ்ட்லயும் முதல்ல என் பேருதான்" என்றான்.

"அண்ணாச்சி, முதல்ல வச்சா…" என்று ரெஜினா ஆரம்பித்தாள்.

"முதல்ல வைம்மான்னா வை."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

தாய் ஃபைலுக்கு அடுத்து, மற்ற எல்லோருக்கும் மேலே, முதல் மரியாதையாக அவன் ஃபைல் ஏறியது. அதற்கு வெகு கீழே என் ஃபைல் இருந்தது. தினமும் காலையில் கம்ப்யூட்டர் மேலிருந்து படித்துக்கொண்டு வந்து, அறை உண்டு என்று அவன் சொன்னதைக் கேட்டு வைத்துக்கொண்டு, என்னிடம் வந்ததும் அறை இல்லை என்று நான் சொன்னதைக் கேட்டு அதை மாற்றிக்கொண்டது. ஆவணி முழுக்க, புரட்டாசி முழுக்க, அவன் டீக்கடையில் லிஸ்டைப் பார்த்து, தன் பேர் முதலில் இருப்பதைத் தடவிப் பார்த்து, ஆனால் அறை வரவில்லையே என்று ரெஜினாவின் கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டிருந்தான். இன்னும் மேலே ஏற்று, தாய் ஃபைலுக்கும் மேலே என் பேரைப் போடு என்றுகூட ஒருநாள் கேட்டான். மற்றவர்களும் அவனைப் பார்த்து முதல் இடத்துக்கு அடித்துக்கொண்டார்கள். எங்கள் தெருவில் முதல் மரியாதைக்காக வெட்டு விழுந்திருக்கிறது, கல்யாணம் நின்றிருக்கிறது; கடைசியில் நிற்பவன் ஜெயிப்பான் என்ற ஒரு சங்கதி இந்த உலகத்தில் இருக்கும் என்று அவர்கள் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் ரெஜினாவுக்கும், என்னைக் கேட்டுத் தெரிந்துகொண்ட செல்லக்கனிக்கும் மட்டும் தெரியும். அவள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்து விட்டுவிட்டாள். நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அந்த நாட்களில் செல்லக்கனி தேறினாள். பேச்சு தெளிந்தது. எந்த பஸ் தாமதம், எவள் வீட்டுக்கு விருந்தாள், சூசை எத்தனை தரம் டீத்தூளை மறுபடி கொதிக்க வைக்கிறார் என்பதெல்லாம் அவளைக் கேட்டுத்தான் தெரு தெரிந்துகொண்டது. நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் ஜன்னல் வழியாகக் குழாய்க்கு முன்னால் தெரிந்தது அன்னலட்சுமி. பதினெட்டாம் வீட்டில் ஒரே அறை, அதில் வெயிலுகந்தானும் அவன் பெண்டாட்டியும் மகனும் மருமகளும். அவள் சந்தில்தான் கிடந்தாள். இரண்டு பக்கமும் சேலை கட்டி மறைத்துக்கொண்டு, அந்தரத்தில் தொங்கும் நாள்காட்டிக்குக் கீழே பாய் போட்டு, குழந்தையை மடியில் வைத்து ஆட்டிக்கொண்டிருப்பாள். தொட்டில் கட்ட உத்தரம் இல்லை.

ஐப்பசி பிறந்து வானம் கறுத்த அன்று செல்லக்கனி சொன்னாள்: "உங்க ஃபைலை எங்க அண்ணன் ஃபைலுக்கு மேல ஏத்துங்க."

"ஏன்?"

"மழை வரப்போகுது. பச்சப்புள்ள வெளிய கிடக்கு."

"உன் அண்ணன் வந்து கேக்கட்டும்."

"அவன் கேக்க மாட்டான். நீங்களும் சொல்ல மாட்டீங்க. நடுவுல நனையப்போறது யாரு?"

"உனக்கு ஜன்னல் வேண்டாமா?"

அவள் சந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வேணும்" என்றாள். "உசிரு மாதிரி வேணும். அதுக்காக?"

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். உரிமையுள்ளவள் கேட்டால் கோபம் இன்னும் அதிகமாக வருகிறது. டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். அங்கே வேறொரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருந்தது. ராமுத்தாயின் பிச்சிப்பூ டீயில் விழுகிறது என்று சூசைக்கும் அவளுக்கும் சண்டை. கோபத்தில் சூசை, என் பந்தல் ஃபைலையே எடுத்துவிடு என்று ரெஜினாவிடம் சொல்லிவிட்டார். ராமுத்தாயின் கொடி அந்தப் பந்தல் காலைப் பிடித்துத்தான் ஏறியிருந்தது, அவள் ஃபைலுக்கு அவர் ஃபைல் தாய் போல. தாய் இல்லாத ஃபைல் லிஸ்டில் இருந்தால் ஆட்டம் தொடங்காது என்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது, ரெஜினாவும் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை தெரு திறக்கவில்லை. எப்படிச் சொல்வது? பால் வாங்கப் போன நாங்கள் ஏழெட்டுப் பேர் திரும்பி வந்தபோது தெருமுனையில் சாம்பல் நிறமாக ஒன்று நின்றது, கேபிள் அறுந்த டி.வி. மாதிரி. கையை விட்டால் கை உள்ளே போகவில்லை, இடிக்கவும் இல்லை. பஸ் டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு வேறு வழியாகத் திருப்பிக்கொண்டு போனார். நான் கையில் பால் பையோடு நின்றேன். உள்ளே செல்லக்கனி இருக்கிறாள். எழுந்து உட்காரக்கூட இன்னொரு கை வேண்டியவள். என் பக்கத்தில் வெயிலுகந்தான் நின்றுகொண்டிருந்தான், அவனும் பால் வாங்கத்தான் வந்திருந்தான், குழந்தைக்கு. இருவரும் பேசாமல் ஒரே சாம்பலைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றோம். ரெஜினா, சாம்பலுக்கு வெளியே தப்பியிருந்த தன் கடைக்குள் வியர்த்துக்கொண்டு தேடி, சூசையின் பந்தலைத் திரும்பப் போட்டதும் தெரு திறந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு தடவை கண் சிமிட்டினோம், அதற்குள் பால் வாங்கி வந்துவிட்டீர்களா என்று கேட்டார்கள்.

நான் வீட்டுக்கு ஓடினேன். செல்லக்கனி ஜன்னல் வழியாக இடது கையை நீட்டி, சந்தில் கிடந்த குழந்தையின் காலைத் தொட முயன்றுகொண்டிருந்தாள். எட்டவில்லை. ஒரு முழம் குறைந்தது.

அன்றைக்கு மத்தியானம் ரெஜினாவிடம் போனேன்.

"டிராயிங்குல ஆறு கேனுலேருந்து ஆறு பஞ்சுத் திரி வரும். எது மேல, எது கீழன்னு பாக்க மாட்டோம். ஆறையும் சேர்த்து இழுத்து ஒரே திரியா விடுவோம். ஒண்ணுல மெலிசா இருக்குற இடத்தை இன்னொண்ணு ஈடு செய்யும். உன் லிஸ்ட்ல அப்படி ஒரு மெஷின் கிடையாதா?"

அவள் சிரித்துவிட்டாள். "இருக்கு அண்ணாச்சி. பேட்ச்னு சொல்லுவோம். ரெண்டு ஃபைலும் சண்டை போடுற இடத்தை எடுத்து, இதுல பாதி அதுல பாதி வச்சி, ரெண்டுக்கும் கீழ, கடைசியில போடணும். இத்தனை நாளா நீங்க கேப்பீங்கன்னு பாத்தேன்."

"நீயே சொல்லியிருக்கலாமே?"

"கேட்டுட்டுச் சண்டை போட்டிருப்பீங்க."

பிறகு அவள் முகம் மாறியது. "ஒரு விஷயம். பேட்ச் போட்டா அதுக்கு உங்க ஃபைலும் தாய், அவரு ஃபைலும் தாய். ரெண்டுல எதை உருவினாலும் தெரு திறக்காது. காலையில பாத்தீங்கல்ல? நீங்க சாகுறவரைக்கும் அவரை லிஸ்ட்லேருந்து எடுக்க முடியாது. அவராலயும் உங்களை எடுக்க முடியாது."

நான் யோசித்தேன். ஐம்பது வருஷமாக அவனை எனக்குத் தெரியும். அவன் தங்கையைக் கட்டியதிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் அவனை என் வாழ்க்கையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். ஒரு முழம் குறைந்த அந்தக் கை நினைவுக்கு வந்தது.

"போடு" என்றேன்.

"அவரு சம்மதம் வேணும்."

அவன் வரவில்லை. லிஸ்டில் கடைசியில் இருப்பவனுக்குத்தான் பலன் என்பதை ரெஜினாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு சூசை அதற்குள் அவனிடம் சொல்லிவிட்டார், இரண்டு மாதம் முதல் இடத்தில் உட்கார்ந்து தோற்றதை எண்ணி அவன் யார் முகத்திலும் விழிக்காமல் வீட்டுக்குள் படுத்துக்கிடந்தான். அன்னலட்சுமிதான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரெஜினாவின் கடைக்கு வந்தாள்.

"அப்பா சரின்னு சொல்லச் சொன்னாரு மாமா."

"அவனுக்கு வாய் இல்லையா?"

"இருந்தா அன்னைக்கே கேட்டிருக்க மாட்டாரா?" என்றாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "அத்தை ஜன்னலை மறைச்சித்தான் எனக்கு அறை கட்டுவாருன்னு தெரிஞ்சிருந்தா நான் வந்திருக்கவே மாட்டேன் மாமா. எங்கயாவது போயிருப்பேன்" என்றாள்.

"போக உனக்கு எங்க இடம் இருந்துச்சு, சொல்லு" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். அவள் அழுதாள். குழந்தை என் சட்டைப்பையிலிருந்த கண்ணாடிக் கூட்டை எடுத்துக் கடித்தது. ரெஜினா இரண்டு பேரையும் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்து வேலையை ஆரம்பித்தாள்.

அறை எவ்வளவு நீளம், என் ஜன்னல் தரையிலிருந்து எவ்வளவு உயரம், செல்லக்கனியின் தலையணையில் கண் எந்த மட்டத்தில் இருக்கும், அங்கேயிருந்து குழாய்க்கு நூல் பிடித்தால் அறையின் முன்சுவரில் எந்த இடத்தைத் தொடும், எல்லாவற்றையும் நான் அளந்து சொன்னேன். அந்த இடத்தில் அவள் ஒரு ஜன்னல் வைத்தாள். என் ஜன்னலுக்கு எதிரே அறையின் பக்கச்சுவரில் இன்னொரு ஜன்னல். அவன் ஃபைலிலிருந்து சுவரும் கூரையும், என் ஃபைலிலிருந்து வெளிச்சமும் தூரமும். கூரையில் ஓர் உத்தரம் போடச் சொன்னேன். அது இரண்டு பேர் ஃபைலிலும் இல்லாதது.

மறுநாள் ஆறு மணிக்கு மழை பிடித்தது. ஐப்பசி மழைக்கே உரிய, நிற்கவே நிற்காது என்று தோன்றுகிற மழை. சந்தில் அறை இருந்தது. காற்றில் தொங்கிய நாள்காட்டியின் ஆணிக்குப் பின்னால் சுவர் வந்து நின்றிருந்தது, ஆடி மாதம் அன்னலட்சுமி பாதி குடித்து வைத்த தண்ணீர்ச் செம்பு அதே பாதித் தண்ணீரோடு அதே மூலையில் இருந்தது. நான் ஜன்னலைத் திறந்தேன். ஜன்னலுக்கு அப்பால் அறை, அறைக்கு அப்பால் ஜன்னல், அதற்கு அப்பால் மழை, மழைக்குள் குழாய், டீக்கடை, பந்தல், பிச்சிக்கொடி, திரும்புகிற பஸ்.

செல்லக்கனி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "இப்ப ஆளும் இருக்கு" என்றாள்.

அன்னலட்சுமி உத்தரத்தில் சேலையால் தொட்டில் கட்டினாள். தொட்டிலிலிருந்து ஒரு கயிற்றை இழுத்து, இரண்டு ஜன்னல் வழியாகவும் கொண்டுவந்து, தன் அத்தையின் இடது கையில் கொடுத்தாள். அதை ரெஜினா எந்த ஃபைலிலும் எழுதவில்லை, அது அன்னலட்சுமி தானாகச் செய்தது. செல்லக்கனி தெருவைப் பார்த்துக்கொண்டே கயிற்றை இழுப்பாள், விடுவாள். இழுக்க இழுக்க அந்தக் கைக்குப் பலம் வந்தது. இப்போது அவளே தலையணையைச் சரிசெய்துகொள்கிறாள்.

தெருவில் அப்புறம் வழக்கம் மாறிவிட்டது. சங்கத்தின் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எல்லோரும் கடைசி இடத்துக்குச் சண்டை போட ஆரம்பித்து, மாடன் கொடையில்கூட, "எனக்குக் கடைசி மாலையைப் போடுங்கப்பா" என்று பின்னால் போய் நின்றார்கள், பூசாரி மாலையை வைத்துக்கொண்டு யார் கழுத்தும் கிடைக்காமல் நின்றார். கடைசியில் சூசைதான் ஒரு முறையைச் சொன்னார்: இரண்டு பேர் ஒரே இடத்துக்கு ஃபைல் கேட்டால், இரண்டு பேரும் சேர்ந்து பேட்சும் கேட்க வேண்டும். அதற்குள் லிஸ்ட் நீண்டு இருநூற்றைத் தாண்டிவிட்டது, இருநூற்றைம்பத்து நாலுக்கு மேல் தாங்காது என்று ரெஜினா சொல்லியிருக்கிறாள், அதனால் ஆட்கள் முன்பைவிட யோசித்துத்தான் ஆசைப்படுகிறார்கள்.

வெயிலுகந்தான் தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு அந்த அறைக்கு வருகிறான். ஜன்னலருகே உட்கார்ந்து தங்கையோடு பேசுகிறான். கடலைமிட்டாயை உடைத்து, மெல்ல வருகிற பக்கமாகப் பார்த்து அவள் வாயில் கொடுக்கிறான். நான் இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். எங்கள் இருவருக்கும் நடுவில் கயிறு போய்ப் போய் வரும். அவன் என்னைப் பார்ப்பதில்லை. ஒருநாள் மட்டும், கூரையைப் பார்த்துக்கொண்டு, "மாப்பிள்ளை, உங்க பக்கம் ஒழுகுதா?" என்று கேட்டான்.

"இல்ல" என்றேன்.

அது எனக்கு வரவேண்டிய வார்த்தை இல்லை. எனக்கு வரவேண்டியது வேறு. கேக்காமக் கட்டிட்டேன் மாப்பிள்ளை என்று அவன் சொல்ல வேண்டும், அவ்வளவுதான், வேறு ஒன்றும் வேண்டாம். என் தெருவில் எல்லோருக்கும் அது தெரியும், அவனுக்கும் தெரியும். என் ஃபைலை உருவிவிடுவேன் என்று அவனை மிரட்டவும் எனக்கு வழியில்லை. உருவினால் தொட்டிலும் கயிறும் குழாயும் பஸ்ஸும் எல்லாம் சாம்பலுக்குள் போய்விடும்.

"அவன் சொல்லிட்டா அப்புறம் என்ன செய்வீங்க?" என்று செல்லக்கனி ஒருநாள் கேட்டாள்.

"அப்புறம் பாக்கலாம்."

"சாயங்காலம் நாலு மணிக்கு வேற வேலை தேடணும்" என்றாள், கயிற்றை இழுத்துக்கொண்டே.

எனக்கு அவள் பேச்சு முதல் நாளிலிருந்தே புரியும், இதுவும் புரிந்தது. இப்போது மணி மூன்றரை ஆகிறது. நாற்காலியைத் துடைத்துப் போட்டிருக்கிறேன். எதிர் ஜன்னலோரம் அவன் உட்காரும் நாற்காலியின் ஒரு கால் ஆடுகிறது என்று அன்னலட்சுமி சொன்னாள், அதற்கு அடியில் வைக்க ஒரு துண்டு அட்டை மடித்து வைத்திருக்கிறேன். அவன் வசதியாக உட்காரட்டும். நான் காத்திருக்கிறேன். அவன் இன்னும் சொல்லவில்லை.